விதை நசுங்காத எலுமிச்சை

அத்தியாயம் 6

காலை எட்டரை மணிக்கு வந்த மனிதர் நாற்காலியில் உட்காரவில்லை. மேசைமேல் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உள்ளே நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று.

அப்பாசாமி எட்டிப் பார்த்தார்.

"உப்பு தனியா வருமாங்க?"

"அப்பாசாமி," என்றாள் அருணாதேவி.

"சும்மா கேட்டேன், மேடம்."

அருணாதேவி பதினோரு வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். விபத்தான லாரிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது வேலை. பிறகு அதையே தனியாகச் செய்ய செங்கம் ரோடில் ஒரு லாட்ஜின் மாடியில் அறை பிடித்தாள். வாசலில் துப்பறியும் நிலையம் என்று பலகை. அதைப் படித்துவிட்டு, ஒரு நாள் தங்க எவ்வளவு என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

அப்பாசாமி அவளுடைய உதவியாளர். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். பஸ் போய்விட்டது. விசில் மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

வந்தவர் பெயர் தருமன். தண்ணீர் லாரி டிரைவர்.

"பத்தொம்போது வருஷமா ஒரே லாரி ஓட்றேங்க. நீல லாரி. இன்னைக்கு சித்திரா பௌர்ணமி. அடி அண்ணாமலையில தண்ணி வைக்கணும். ஆனா சாவி என் கையில இல்ல."

"யார் கையில?"

"ஓனரம்மா காசியம்மாள் கையில. காத்தால புடுங்கிட்டாங்க. நான் திருடனாம்."

"என்ன போச்சு?"

"ஹெட்டு."

அப்பாசாமி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தருமன் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"ஆறு சிலிண்டர் எஞ்சினுங்க. வரிசையா நிக்கும். ஆறுக்கும் மேல ஒரே இரும்பு மூடி. அதான் ஹெட்டு. ரெண்டு ஆள் புடிச்சாதான் தூக்க முடியும். நேத்து சாயங்காலம் வரைக்கும் எஞ்சின் தையல் மிஷின் கணக்கா ஓடுச்சு. காத்தால ஸ்டார்ட் பண்ணா தகர டப்பாவுல ஜல்லிய போட்டு ஆட்டறாப்ல சத்தம். நல்ல ஹெட்ட கழட்டிட்டு நோஞ்சான மாட்டிட்டு போயிட்டாங்க."

"சத்தம் மட்டும் வைச்சு ஹெட் மாறிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

தருமன் பொட்டலத்தைக் காட்டினார்.

"நாலு டயருக்கு முன்னாலயும் இது கெடந்துது."

அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்த ஊரில் எஞ்சினைத் திறந்து வேலை பார்த்தால், மூடியதும் நாலு சக்கரத்துக்கும் பழம் வைப்பார்கள். லாரியை அதன் மேல் ஏற்றி நசுக்குவார்கள். பழம் நசுங்காமல் வண்டி ரோட்டுக்கு வராது. நசுங்கிய பழம்தான் வேலை முடிந்ததற்கு அத்தாட்சி.

"திருட வந்தவனுமா பழம் வைப்பான்?" என்றாள் அருணாதேவி.

"திருடனுக்கு சாமி இல்லையாங்க?"

அப்பாசாமி அதை ரசித்துத் தலையாட்டினார்.

"ஷெட்டுக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணுதான். லாரி சாவியோட கோத்து என் இடுப்புல இருந்துது. அதான் என்னை சொல்றாங்க. அவங்க தம்பிக்கும் இதே மாதிரி லாரி இருக்குது. அந்த தம்பிக்காரனுக்கு கதவ தொறந்து வுட்டவனே நீதான்னு. ஆரணியில இருந்து வேற டிரைவர வரச் சொல்லிட்டாங்க. அஞ்சு மணிக்கு மேல போலீஸ் கிரிவலப் பாதையில லாரி வுடாதுங்க. அதுக்குள்ள என் பேரு சுத்தமாவணும்."

"சுத்தமானா?"

"ஆனா நான் ஓட்டுவேன். இல்லனா ஆரணிக்காரன் ஓட்டுவான். அப்புறம் இந்த ஊர்ல யாரு எனக்கு ஸ்டீயரிங் குடுப்பாங்க?"

அருணாதேவி பழத்தைப் பென்சிலால் புரட்டினாள். உற்றுப் பார்த்தாள்.

"காலையில ஸ்டார்ட் பண்ணீங்க. லாரியை நகர்த்தினீங்களா?"

"இல்லீங்க. சத்தத்த கேட்டதும் ஆஃப் பண்ணிட்டேன்."

"ராத்திரி யாராவது நகர்த்தின சத்தம்?"

"ஓனரம்மா ஷெட்ட ஒட்டித்தான் படுக்கறாங்க. எலி ஓடினாலே எழுந்துடுவாங்க. ஒண்ணும் கேக்கலன்றாங்க."

அருணாதேவி எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள்.

"லாரி நகரலை, அப்பாசாமி. பழம் நசுங்கியிருக்கு."

"தற்கொலையா இருக்குமா, மேடம்?"

பொட்டலத்தை அவர் தன் பையில் போட்டுக்கொண்டார்.

*

அருணாதேவியின் எம்.எய்ட்டி மொபெட்டில் அப்பாசாமி பின்னால் உட்கார்ந்தார். ஒரு விசில் ஊதினார். அது ஊதாமல் வண்டி புறப்படாது.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. கலெக்டர் ஆபீஸ் தாண்டி வேங்கிக்கால் புது வீடுகளுக்குப் பின்னால் அந்த ஷெட். தருமன் சைக்கிளில் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். உள்ளே போகாமல் வெளியே நின்றார்.

காசியம்மாளுக்கு அறுபது வயது. முந்தானை முடிச்சில் சாவி தொங்கியது.

"நீங்க யாரு? இன்ஷூரன்ஸா?"

"முன்னாடி. இப்போ தருமனுக்காக வந்திருக்கோம்."

"அவனுக்கு ஆள் வேறயா? ரெண்டு பேரு. ஒருத்தரு சிரிக்கறாரு, ஒருத்தரு சிரிக்கல. நல்லாதான் புடிச்சிருக்கான்."

நீல லாரி ஷெட்டை அடைத்து நின்றது. ஐம்பத்தேழாம் வருடத்து ஃபார்கோ. மூக்கு நீளம். பின்னால் முந்தின நாளே நிரப்பிய தண்ணீர் டாங்கி. மூன்று பழங்கள் இன்னும் டயர்களுக்கு முன்னால் கிடந்தன. அருணாதேவி ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி எழுந்தாள்.

"ஹெட்டோட கதை என்னம்மா?"

"அப்பா ஒரே நாள்ல ரெண்டு லாரி வாங்கினாரு. நீலம், பச்ச. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. எதோட நட்ட எதுல வேணா மாட்டலாம். அப்புறம் மிலிட்டரி ஏலத்துல ஒரு ஹெட்டு வாங்கினாரு. ஒரு நாள் கூட ஓடாத எஞ்சினோடது. அத ஒண்ணுல மாட்டினாரு."

"எதுல?"

"நீலத்துல. என்னுதுல."

"உங்க தம்பி என்ன சொல்றார்?"

"அருணகிரியா? பச்சையிலனு சொல்வான். பொறந்ததுல இருந்தே அப்படித்தான் சொல்றான்."

இருவரும் வருடா வருடம் சித்திரா பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் இலவசமாகத் தண்ணீர் வைக்கிறார்கள். கோயில் முன்னால் வேப்ப மர நிழலில் ஒரு லாரிக்குத்தான் இடம். முதலில் வரும் லாரி அங்கே நிற்கும். இரண்டாவது லாரி கோயிலுக்குப் பின்னால் போகும்.

"பின்னாடி நின்னா ஆடு மாடுதான் தண்ணி குடிக்க வரும்," என்றார் காசியம்மாள். "போன வருஷம் பின்னாடி நின்னேன். ஒரு மாட்டுக்கு என்னை ரொம்ப புடிச்சு போச்சு."

அப்பாசாமி சிரித்தார். காசியம்மாள் சிரிக்கவில்லை.

"இந்த ஷெட்டுக்கு இன்னொரு சாவி உண்டா?" என்றாள் அருணாதேவி.

"இல்ல."

"எப்பவுமே?"

"இல்லனா இல்லதான்." காசியம்மாள் கூரையைப் பார்த்தார். கை முந்தானை முடிச்சை இறுக்கியது.

வெளியே வந்ததும் அப்பாசாமி சொன்னார்:

"டிக்கெட் எடுக்காதவங்க இப்படித்தான் மேடம். நாம கிட்ட வந்தா மேல பாப்பாங்க. மேல ஒண்ணும் இருக்காது."

அருணாதேவி கையை விரித்தாள். உள்ளங்கையில் இரண்டு எலுமிச்சை விதைகள். முழுசாக இருந்தன.

"நாலு டன் லாரி ஏறினா விதை மாவாயிடும். இது ஒண்ணுகூட உடையலை."

"அப்போ வேற எதுவோ ஏறியிருக்கு."

"ஆனா தோல்மேல டயர் அச்சு இருக்கு."

"டயரு. ஆனா கனம் கம்மி." அப்பாசாமி யோசித்தார். "நம்ம எம்.எய்ட்டி?"

"எம்.எய்ட்டி நாலு பழத்தையும் தேடித் தேடிப் போய் ஏறாது. தரையில சாறோட விழுந்த அச்சு நாலு விரல் அகலம். ஒரு சாணுக்கு மேல அச்சு போகலை."

"ஒரு சாண் நீளத்துக்கு டயர். அத வச்சு எந்த வண்டிங்க ஓடும்?"

அருணாதேவி எம்.எய்ட்டியில் ஏறினாள். வண்டியை உதைத்தாள். விசில் ஊதியது.

*

அடி அண்ணாமலையில் பத்தே முக்கால். பச்சை லாரி ஒரு கொட்டகைக்கு முன்னால் இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. அருணகிரி அதன் பக்கத்தில் கண்ணை மூடி நின்றார். நெற்றியில் சந்தனம். கச்சேரி கேட்பவர்போல விரலால் தாளம் போட்டார்.

"கேளுங்க," என்றார், கண்ணைத் திறக்காமல். "வாய் திறக்காம கேளுங்க. எங்கனா ஒரு தட்டல் இருக்குதா?"

எஞ்சின் தையல் மிஷின்போல ஓடியது.

"ஏன் இன்னும் கிளம்பலை?" என்றாள் அருணாதேவி.

"வெள்ளிக்கிழமை. பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலம். ஒரு அடி நகத்த மாட்டேன். பன்னெண்டு அடிச்சா போய் தண்ணி ரொப்பிக்கிட்டு வந்து மரத்தடியில நிப்பேன். அக்கா வண்டி இருமிக்கிட்டே வரும்."

"உங்க அக்கா லாரி ஹெட்டை நீங்கதான் எடுத்தீங்களா?"

"எடுக்கல. திருப்பி எடுத்தேன். போன மாசம் அவங்க எடுத்தாங்க. அதுக்கு முன்ன மாசம் நான். அதுக்கு முன்ன அவங்க."

"அந்த ஹெட்டும் கிரிவலம் போவுதுங்க," என்றார் அப்பாசாமி.

"அக்கா லாரிக்கு எதுக்குப் பழம்?" என்றாள் அருணாதேவி.

"நான்தான் போடச் சொன்னேன். தெரியட்டுமே. போன மாசம் அவங்களும் எனக்கு போட்டாங்களே. நாலு பழம். அதுல ஒண்ணு அழுகலு."

"தருமன் கதவைத் திறந்து விட்டாரா?"

அருணகிரி முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"தருமனா? அவன் ஒரு நட்டு தர மாட்டான். லாரி கிட்ட போனாலே கல்ல தேடுவான். எனக்கு அப்படி ஒரு டிரைவர் கெடச்சா நான் ஏன் இதெல்லாம் பண்றேன்?"

"அப்போ யார் செஞ்சது?"

"வேல செஞ்சவன் பேர நான் சொல்ல மாட்டேன். அது தர்மம் இல்ல."

அருணாதேவி மறுபடி கேட்கவில்லை. குனிந்து பச்சை லாரியின் முன் டயரைப் பார்த்தாள். அங்கேயும் நசுங்கிய பழம். விரலால் பிதுக்கினாள். விதைகள் முழுசாக வெளியே வந்தன.

நிமிர்ந்தபோது முகத்தில் புன்னகை. காலையிலிருந்து முதல் புன்னகை. அப்பாசாமி விசிலைத் தொட்டுக்கொண்டார்.

"அப்பாசாமி, அங்கே காசியம்மாள் பக்கத்துல தூங்கறாங்க. லாரியை ஸ்டார்ட் பண்ண முடியாது. அதனால வேற எதையோ வைச்சு நசுக்கினான். சரி. இங்கே ஏன்? இங்கே யாருக்குப் பயம்?"

"இங்க யாருமே இல்லைங்களே," என்றார் அருணகிரி. "ஆள் இருந்தா கை ஓடாதுனு ராஜேந்திரன் என்னையே வூட்டுக்கு அனுப்பிட்டாரு."

சொல்லிவிட்டு நிறுத்தினார். நாக்கைக் கடித்தார்.

"நீங்க சொல்லலை," என்றார் அப்பாசாமி. "நாங்க காதுல வாங்கவும் இல்ல."

*

ராஜேந்திரனின் பட்டறை வேலூர் ரோடில் இருந்தது. ஆள் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். பழைய டயரை அறுத்துத் தைத்த செருப்பு. அச்சு அழியாத டயர். நாலு விரல் அகலம்.

அருணாதேவி அந்தப் பாதங்களுக்கு எதிரே ஒரு காலி டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"ராஜேந்திரன்?"

"ஆமாங்க," என்றது லாரியின் அடிப்பக்கம். "இன்னைக்கு வேல எடுக்கறதில்லீங்க. பௌர்ணமி."

"வேலை இல்லை. ஒரு சந்தேகம். ஹெட் மாத்த எத்தனை மணி நேரம் ஆகும்?"

"ஒரு லாரிக்கு ஒரு பகல் ஆவும். ரெண்டு ஆளு வேணும்."

"ரெண்டு லாரிக்கும், ரெண்டு ஊர்ல, ஒரே ராத்திரி, ஒரே ஆள். முடியுமா?"

பாதங்கள் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

அப்பாசாமி குந்தினார். வலது செருப்பின் பள்ளத்தில் விசில் நுனியை விட்டு எதையோ நெம்பினார். வெள்ளையாக ஒன்று கீழே விழுந்தது.

"விதை, மேடம். பயணி பின்பக்கமா ஏறியிருக்காரு."

ராஜேந்திரன் வெளியே வந்தார். ஒல்லி. ஐம்பது வயது. நெற்றி நிறைய விபூதி, அதன்மேல் கிரீஸ். கையைத் துடைத்தார். துடைத்த துணி கையைவிட அழுக்கு.

"போலீஸுக்கு போவுமாங்க?"

"நீங்க சொல்றதைப் பொறுத்து."

"எட்டு மாசமா ரெண்டு பேரும் என்னைத்தான் கூப்பிடறாங்க. அக்காவுக்கு தெரியாம தம்பி, தம்பிக்கு தெரியாம அக்கா. மொதல்ல செல்ஃப் மோட்டாரு. அப்புறம் டீசல் பம்ப்பு. வாட்டர் பம்ப்பு, ஃபேனு, ரேடியேட்டரு. நீலத்துல இருந்து பச்சைக்கு, பச்சையில இருந்து நீலத்துக்கு. அதெல்லாம் நெஜமாவே மாத்தினேன். லாரி ஏத்திதான் பழம் நசுக்கினேன்."

"ஹெட்?"

ராஜேந்திரன் பெருமூச்சு விட்டார்.

"மூணு மாசம் முன்ன அக்கா கேட்டாங்க. மொதல்ல நீலத்துல கை வச்சேன். ஹெட்ட இறுக்கற ஆணியில ரெண்டு ஸ்டட்டு துரு ஏறி புடிச்சிக்கிச்சு. பச்சையில பாத்தேன். அங்கயும் அதே. நாப்பது வருஷ இரும்புங்க. தம் புடிச்சு இழுத்தா ஹெட்டு ஒடையும். இப்போ நாட்டுல எங்க தேடுவீங்க அந்த ஹெட்ட?"

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அக்கா சொன்னா தட்ட முடியாதுங்க. தம்பி சொன்னாலும் தட்ட முடியாது. ரெண்டு பேரு வூட்லயும் சாப்ட்டிருக்கேன்."

"அதனால டேப்பெட்டை மட்டும் தொட்டீங்க."

ராஜேந்திரன் அவளை மரியாதையோடு பார்த்தார். அப்பாசாமி பார்த்ததில் மரியாதை இல்லை, கேள்விதான் இருந்தது.

"மேல மூடியைக் கழட்டினா வால்வுக்கு வரிசையா சின்னத் திருகு," என்றாள் அருணாதேவி. "இடைவெளியை லூஸா வைச்சா எஞ்சின் தட்டும். சரியா வைச்சா பாடும். சத்தமில்லாம இருபது நிமிஷ வேலை. யார் கேட்டாங்களோ அவங்க லாரியைப் பாட வைப்பார். மத்ததைத் தட்ட வைப்பார்."

"அப்போ ஹெட்டு?" என்றார் அப்பாசாமி.

"எங்கயும் போவலைங்க," என்றார் ராஜேந்திரன். "அவங்க அப்பா எங்க மாட்டினாரோ அங்கயேதான் இருக்குது."

அப்பாசாமி இன்னொரு டின்னைத் தேடிக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"மூணு மாசமா ஒருத்தர ஒருத்தர் திருடிக்கிட்டு இருக்காங்க. எதுவும் திருட்டு போவல."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள் அருணாதேவி. "பச்சை லாரியை ராத்திரி தாராளமா ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம். ஏன் செருப்பால நசுக்கினீங்க?"

ராஜேந்திரன் பட்டறை வாசலைப் பார்த்தார். அங்கிருந்து மலை தெரிந்தது.

"செய்யாத வேலைக்கு வண்டி ஏத்தி பழம் நசுக்கினா அது பொய் சத்தியம்ங்க. மனுஷங்க கிட்ட சொல்லலாம். அது பாத்துக்கிட்டு இருக்குதே."

"செருப்பால நசுக்கினா?"

"அது பூஜ இல்லீங்க. பழம் நசுங்கிச்சு. அவ்ளோதான்."

"மேடம், இவரு வக்கீலுக்கு படிச்சிருக்கணும்," என்றார் அப்பாசாமி.

"தருமன் சாவியைப் பிடுங்கிட்டாங்க, தெரியுமா?" என்றாள் அருணாதேவி. "அவர்தான் கதவைத் திறந்தார்னு."

ராஜேந்திரனின் முகம் விழுந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். ஸ்பேனர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து வந்தார். அதில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"யார் கொடுத்தது?"

"கேக்காதீங்க. அவங்களே சொல்லட்டும்."

*

மூன்றரை மணிக்கு நீல லாரியும் பச்சை லாரியும் வேங்கிக்கால் ஷெட் வாசலில் பக்கம் பக்கமாக நின்றன. அருணகிரியை வரவழைக்க அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா லாரி இருமுவதை நேரில் கேட்கலாம் என்றதும், மூன்று மணி வரை வரிசையில் நின்று தண்ணீர் நிரப்பிய கையோடு வந்துவிட்டார். ஆரணி டிரைவரும் வந்திருந்தான். பக்கக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். தருமன் அவனைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார்.

அருணாதேவி நான்கே வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

"இப்போ மிச்சம் ஒரு கேள்வி. ராஜேந்திரன் இந்த ஷெட்டுக்குள்ள எப்படி வந்தார்?"

ராஜேந்திரன் கையை விரித்தார். மஞ்சள் கயிறு தொங்கியது.

காசியம்மாள் அதைப் பார்த்தார். கூரையைப் பார்க்க முயன்றார். திறந்த வெளி. கூரை இல்லை.

"அக்கா," என்றார் அருணகிரி மெதுவாக. "அது அப்பா கட்டின கயிறு இல்ல?"

தருமன் தன் லாரியிடம் போனார். அந்தச் சாவியையும் கேட்கவில்லை, முந்தானையில் இருந்ததையும் கேட்கவில்லை. தோள் துண்டை எடுத்து நீல லாரியின் விளக்கைத் துடைத்தார். பிறகு மறு விளக்கைத் துடைத்தார்.

"நான்தான் குடுத்தேன்," என்றார் காசியம்மாள். "மூணு மாசம் முன்ன. பச்சையில இருந்து ஹெட்ட கொண்டாந்து நீலத்துல மாட்டச் சொல்லி நான்தான் ராஜேந்திரன் கையில குடுத்தேன். வாங்க மறந்துட்டேன். மறக்கல. சொல்ல வெக்கமா இருந்துது. தருமன சொன்னது சுலபமா இருந்துது."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். இறுக்கிக் கட்டியிருந்ததால் அவிழ நேரம் பிடித்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"புடி," என்றார் தருமனிடம். "என் தப்பு."

தருமன் வாங்கி இடுப்பில் செருகினார். எப்போதும் செருகும் இடத்தில்.

"திருடி," என்றார் அருணகிரி, அக்காவிடம்.

"நீ?"

"நானும்தான்."

ஒரு நிமிடம் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு காசியம்மாளுக்கு ஞாபகம் வந்தது.

"அப்போ என் டீசல் பம்ப்பு எங்க?"

"பச்சையிலங்க," என்றார் ராஜேந்திரன்.

"என் செல்ஃபு?" என்றார் அருணகிரி.

"நீலத்துல."

"ரேடியேட்டரு?"

"மாறியிருக்கு. ஃபேனும் மாறியிருக்கு. கழட்ட முடிஞ்சது எல்லாமே மாறியிருக்குங்க."

இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அருணாதேவி கையைத் தூக்கினாள்.

"சுலபமான வழி ஒண்ணு இருக்கு. லாரியை மாத்திக்குங்க. அம்மா பச்சையை எடுத்துக்கட்டும். நீங்க நீலத்தை எடுத்துக்குங்க. அவங்கவங்க சாமான் அவங்கவங்களுக்கு வந்துடும்."

இருவரும் யோசித்தார்கள். தலையாட்ட ஆரம்பித்தார்கள்.

"ஹெட்டைத் தவிர," என்றாள்.

தலைகள் நின்றன.

"அது மட்டும் மாறலையே. லாரியை மாத்தினா ஹெட்டும் மாறிடும்."

"நல்ல ஹெட்டு எதுல இருக்குது?" என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து ராஜேந்திரனைக் கேட்டார்கள்.

"தொறந்தாதான் தெரியுங்க. தொறந்தா ஒடையும்."

ஆரணி டிரைவர் சீப்பைப் பையில் வைத்தான். இந்த ஊர் அவனுக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

மணி நாலு ஆகியிருந்தது. காசியம்மாள் முதலில் சுதாரித்தார்.

"ராஜேந்திரா, நீலத்துக்கு டேப்பெட்ட சரி பண்ணு. ஆனா தனியா பண்ணா இவன் நாளைக்கு எதாவது சொல்வான். பச்சையையும் தொற. ரெண்டையும் ஒரே அளவா வை. எல்லாரும் பாக்கட்டும்."

"அதான் நியாயம்," என்றார் அருணகிரி. அக்காவின் நியாயம் அவருக்குப் பிடித்திருந்தது.

ராஜேந்திரன் இரண்டு எஞ்சின்களின் மேல் மூடியையும் கழற்றினார். தருமன் விளக்குப் பிடித்தார். பகல் வெளிச்சத்திலும் பிடித்தார். நாலு முப்பத்தைந்துக்கு இரண்டு மூடிகளும் திரும்ப ஏறின. இரண்டு எஞ்சின்களும் ஓடின. இரண்டு தையல் மிஷின்கள். கண்ணை மூடிக் கேட்ட அருணகிரிக்கே எது எது என்று தெரியவில்லை.

காசியம்மாள் உள்ளே போய் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். தருமன் வாங்கி நாலு சக்கரத்துக்கும் வைத்தார்.

"இப்போ செஞ்சது நிஜ வேலைதானே?" என்றாள் அருணாதேவி.

"நெஜம்ங்க," என்றார் ராஜேந்திரன். மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாராளமா ஏத்தலாம்."

அப்பாசாமி விசில் ஊதினார். நீல லாரி ஒரு அடி நகர்ந்தது. இன்னொரு அடி. பிறகு நிற்கவில்லை. தருமனின் கை ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை ஆடியது. காசியம்மாள் பக்கத்து சீட்டில் இருந்தார். எப்போது ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

அப்பாசாமி தரையில் குந்தி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"விதை மாவு, மேடம்."

அருணகிரி பச்சை லாரியில் தாவி ஏறினார். கியரைப் போட்டார். பிறகு அப்படியே உட்கார்ந்தார். அவர் எஞ்சினும் இப்போதுதான் திறந்து மூடியது. அவர் சக்கரங்களுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"பழம்," என்றார். இறங்கினார். "நாலு பழம். யார்கிட்டயாவது."

"சித்திரா பௌர்ணமி சாயங்காலம்ங்க," என்றார் ராஜேந்திரன். "வேங்கிக்கால் பூரா பழம் காலி. பஜாருக்குத்தான் போவணும்."

"பஜாருக்கு போயிட்டு வந்தா அஞ்சு தாண்டிடும். போலீஸ் வுடாது." அருணகிரி ரோட்டைப் பார்த்தார். நீல லாரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "பச்சையையும் தொறக்கச் சொன்னதே அக்காதானே."

"ஆமாங்க," என்றாள் அருணாதேவி. "வீட்ல நாலு பழம்தான் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

அருணகிரி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரியின் படியில் உட்கார்ந்தார்.

"பழம் இல்லாம சும்மா ஓட்டிக்கிட்டு போனா?" என்று ராஜேந்திரனைக் கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார்.

"அது உங்க இஷ்டம்ங்க," என்றார் ராஜேந்திரன். மலையைப் பார்த்தார்.

அருணகிரியும் பார்த்தார். எஞ்சினை ஆஃப் செய்தார்.

அப்பாசாமிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. பையைத் துழாவி, காலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். டயர் அச்சு விழுந்த அந்தப் பழம் அதில் இருந்தது. அருணகிரி ஆவலோடு கை நீட்டினார். அப்பாசாமி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையாட்டி மறுபடி மடித்தார்.

"மன்னிக்கணும். இது ஏற்கனவே பஞ்ச் பண்ண டிக்கெட்டு."